நலிந்துவரும் பாய்த் தொழிலும் நமது கூலியாளர்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

ஆண்டுக் கூட்டத்தில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றியோ நாம் பேசுவது வழக்கம். இவ்வாண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணமாய் அமைந்த சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமது பள்ளிவாசலின் உட்கூடத்தில் நெடுங்காலம் கோரைப்பாய்களே விரிக்கப்பட்டிருந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். வெளிநாட்டில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் மனமுவந்து அளித்த நன்கொடையால் ஸஃப் கோடிட்ட கம்பளம் வந்து சேர்ந்தது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. பழைய பாய்களைச் சுருட்டி வராந்தாவில் அடுக்கிவைத்தார்கள். அன்று அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இந்தப் பாயெல்லாம் என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாமெனக் கமிட்டியில் பேச்சு இருப்பதாகச் சொன்னோம். "இதுல ரெண்டு பாய் என் கையால நெஞ்சது. அது ரெண்டை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. காசு குடுக்கணும்னாலும் குடுத்துடறேன்" என்றார்.

அத்தனை பாய்களில் தம்முடையது எதுவென எவ்வாறு அறிவார் என்று வியந்தோம். அவர் குனிந்து ஒவ்வொரு சுருளின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்து, சிறிது நேரத்தில் இரண்டைத் தனியே எடுத்துவைத்தார். ஓரத்தை மடக்கிக் கட்டும் முறை ஆளுக்கு ஆள் மாறும் என்றும், நெய்தவன் கண்ணுக்கு அது கையெழுத்தைப் போன்றது என்றும் விளக்கினார். நாற்பது ஆண்டுகளாகப் பாய் நெய்தவர் அவர். அவர் வேலைசெய்த தறிக்கூடம் மூடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்பொழுது ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல் பார்க்கிறார்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இந்த மஹல்லாவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. அவர்களுள் பலர் ஜும்ஆவில் பின் வரிசையில் அமர்ந்து, துஆ முடிந்ததும் முதலில் எழுந்து செல்பவர்கள். அவர்களின் தொழில் என்னவாயிற்று என்று நாம் ஒரு நாளும் மிம்பரிலிருந்து கேட்டதில்லை.

வந்தவாசி என்றால் வரலாறு படித்தவருக்கு 1760ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கெல்லாம் பாய்தான். வெளியூரில் யாரிடமேனும் நம் ஊர்ப்பெயரைச் சொன்னால், "பாய்க்குப் பேர்போன ஊராச்சே!" என்பார்கள். பாயைச் சொல்கிறார்களா, நம்மைச் சொல்கிறார்களா என்று தெரியாமல் நாமும் தலையசைத்துவிடுவோம். மிதிவண்டியிலும் பின்னர் மொபெட்டிலும் பாய்ச்சுருள்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன நம் வியாபாரிகளைக் கண்டு, "பாய்க்காரப் பாய் வந்துட்டார்" என்று பிள்ளைகள் கூவியதை மூத்தோர் பலரும் கேட்டிருப்பீர்கள்.

இளைஞர்களுக்காகத் தொழிலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கோரை பெரும்பாலும் கரூர், முசிறி, வேலூர் முதலிய காவிரிக்கரை ஊர்ப்பக்கங்களிலிருந்து லாரியில் வருகிறது. இங்கு வேலூர் என்றது பரமத்தி வேலூரை. நாம் ஓதிய வேலூரை அல்ல. பச்சையாய் அறுத்த கோரையை நீளவாக்கில் கிழித்து வெயிலில் காயவைப்பார்கள். காயும்போது மழை பட்டால் நிறம் கெட்டுக் கறுத்துப்போகும், விலை பாதியாகும். உயரம் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டுவார்கள். நம் ஊருக்கு வந்தபின் வேண்டிய அளவுக்குச் சாயக் கொப்பரையில் கொதிக்கவைத்துச் சிவப்பு, பச்சை, ஊதா என நிறமேற்றுவார்கள். கைத்தறியில் இருவர் அமர்வர். ஒருவர் குச்சியில் கோரையைக் கோத்துப் பாவுக்கு இடையே செலுத்துவார். மற்றவர் அச்சுப்பலகையை இழுத்து நெருக்கி அடிப்பார். இருவர் கையும் ஒத்து ஓடாவிட்டால் பாய் கோணிவிடும். ஆதலால் கணவனும் மனைவியுமாய், தகப்பனும் மகனுமாய் அமர்ந்தவர்களே மிகுதி. நாள் முழுவதும் தரையில் மடங்கி உட்கார்ந்த முழங்கால் ஐம்பது வயதில் தொழுகைக்கு மடங்க மறுக்கிறது. நமது பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுவோருள் நெய்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

விசைத்தறி வந்தபோது தொழில் பிழைத்துவிட்டது என்றார்கள். ஒருவகையில் அது உண்மையே. ஒரு நாளில் இறங்கும் பாய்களின் எண்ணிக்கை பன்மடங்கு கூடியது, விலை குறைந்தது, வெளிமாநிலம் வரை சரக்குப் போயிற்று. ஆயினும் கைத்தறியில் இருவர் செய்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. எஞ்சியவர்களுக்கு அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கோரை எடுத்துக்கொடுக்கும் வேலையும், அறுந்த பாவைக் கட்டும் வேலையும், காய்ந்த கோரையின் தூசியும் கிடைத்தன. பின்னர் பிளாஸ்டிக் பாய் வந்தது. நனைந்தால் அழுகாது, கழுவலாம், மடிக்கலாம், பல நிறம், விலையோ கோரைப்பாயைவிடக் குறைவு. விசைத்தறி கைத்தறியைத் தள்ளியது. பிளாஸ்டிக் இரண்டையும் தள்ளியது. 2019 ஜனவரி முதல் நாள் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தபோது, பாய்க்கும் தடை வருமென்று நம் கடைவீதியில் சிலர் மகிழ்ந்து பேசிக்கொண்டதைக் கேட்டோம். அந்தப் பட்டியலில் பையும் குவளையும் உறிஞ்சுகுழலும் இருந்தன, பாய் இல்லை.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையிலும் பாய் நெய்வோர் நம் சமுதாயத்தினரே. அவர்களின் நேர்த்தியான பாய் பட்டுப்போல் மடியும். புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அவர்களைப் போல் நாமும் உயர்ந்த சரக்குக்கு மாறினால் என்ன என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பத்தமடைப் பாயை வாங்குவோர் திருமணச் சீருக்கும் பரிசுக்கும் வாங்குகிறார்கள். வந்தவாசிப் பாய் எளிய குடும்பம் படுத்துறங்கவும், பந்தியில் அமரவும், பிள்ளை பெற்றவள் கிடக்கவும் வாங்கியது. அந்த எளிய குடும்பம் பத்து ரூபாய் குறைவாய் உள்ள பக்கம் சாயும். அதைக் குற்றம் சொல்ல இயலாது. நமது வீடுகளிலும் இன்று என்ன விரிக்கப்பட்டுள்ளது என்று நாமே அறிவோம். பந்திப்பாய் விரித்து நடந்த வலீமா விருந்து மேசைக்கு ஏறிவிட்டது. ஒரு நெசவாளி நம்மிடம் சொன்னார்: "இன்னிக்கும் கோரைப்பாய்தான் வேணும்னு தேடி வர்றது ஜனாஸாவுக்குத்தான் ஹஜ்ரத். கபர்ல பலகை மேல போட."

தொழில் நலிவது ஒரு தனி மனிதர் செய்த குற்றமன்று. நாம் பேச வந்தது நலியும் தொழிலில் வேலைசெய்பவன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதைப் பற்றியே. இதற்காகக் கடந்த சில மாதங்களில் மஹல்லாவின் தெருக்களில் பலருடைய வீட்டுக்குச் சென்று அமர்ந்து கேட்டோம். பெயர் சொல்ல வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார்கள், சொல்லவில்லை.

விசைத்தறிக் கூடத்தில் பணிபுரியும் ஒரு சகோதரர் சொன்னது இது. "வாரத்துக்கு ஆறு நாள் வேலை இருந்துச்சு. கோரை வரலைன்னு அஞ்சாச்சு. கரண்டு இல்லைன்னு நாலாச்சு. இப்ப மூணு நாள். குறையும்போது ஒரு காரணம் சொல்றாங்க. காரணம் சரியானப்புறம் நாள் மட்டும் திரும்ப வரல." வேறு வேலைக்குப் போகலாமே என்றோம். மீதி மூன்று நாள்களில் கட்டட வேலைக்குப் போவதாகவும், ஆனால் முதலாளி எந்த நாள் கூப்பிடுவார் என்று முன்கூட்டித் தெரியாததால் அங்கும் நிலையாய் நிற்க இயலவில்லை என்றும் சொன்னார். அரை வேலை முழு வேலையையும் தேடவிடாமல் கட்டிவைத்திருக்கிறது.

வீட்டிலிருந்தபடி பாய்க்கு ஓரத்துணி தைத்துக் கொடுத்துவந்த சகோதரி ஒருவர், தமக்கு வேலை நின்றதை ஒருவரும் சொல்லவில்லை என்றார். சரக்கு கொண்டுவரும் பையன் ஒரு வாரம் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை, அவ்வளவே. தையல் இயந்திரத்தின்மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறார். அவருடைய மகள் செய்யாறு சிப்காட்டில் உள்ள காலணித் தொழிற்சாலைக்குக் கம்பெனி வண்டியில் சென்றுவருகிறாள். பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்புவது குறித்து நம்மில் சிலருக்கு மனக்குறை உண்டு. அந்த வீட்டின் அடுப்பு எதனால் எரிகிறது என்பதை அறிந்தபின் பேசுவது நன்று.

இனி, நம் சொந்த வீட்டுக் கதை. இதை இதுவரை பொதுவில் சொன்னதில்லை.

எம் தகப்பனார் பாய் நெய்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே தறிக்கூடத்தில் இருந்தார். வேலூர் பாக்கியாத்தில் ஓத நாம் சென்றபோது தோளில் சுமந்துசென்ற பாய், அவரும் எம் தாயாரும் இரவில் விளக்கு வைத்து நெய்தது. 2002ஆம் ஆண்டு, நாம் ஸனது வாங்கிவந்த சில மாதங்களில், ஒரு திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குச் சென்று அரை மணி நேரத்தில் திரும்பிவந்தார். கூடம் பூட்டிக்கிடந்தது. தறிகள் ஞாயிறு இரவே விற்கப்பட்டு வண்டியேறிவிட்டன. முதலாளி தீயவர் அல்லர், தொழுகையாளி, தகப்பனாருடன் தோளோடு தோள் நின்று தொழுதவர். கூடத்தை மூடப்போவதாக ஆறு மாதம் முன்பே அவர் முடிவுசெய்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. இருபத்திரண்டு ஆண்டு உடனிருந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அந்த ஆறு மாதத்தில் எம் வீட்டில் என்ன நடந்தது? வேறொரு கூடத்தார் நிரந்தரமாய் வேலை தருவதாக அழைத்தார்கள். முதலாளிக்குத் துரோகம் செய்வதாகும் என்று தகப்பனார் மறுத்துவிட்டார். எம் சகோதரியின் நிக்காஹுக்காக முதலாளியிடமே மேற்கொண்டு முன்பணம் வாங்கினார். வேலை செய்து கழித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்த முன்பணத்தைக் கொடுக்கும்போதும் முதலாளி எதுவும் சொல்லவில்லை. உதவி செய்வதாகவே நினைத்திருப்பார். வேலை போனபின் முன்பணம் மட்டும் கடனாய் நின்றது. கடைசி நான்கு வாரக் கூலியும் வரவில்லை. கடனில் கழித்துக்கொண்டார்களா, மறந்துவிட்டார்களா என்று கேட்க எம் தகப்பனாருக்கும் நா எழவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவருக்கொருவர் கூச்சப்பட்டு ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளினார்கள்.

சில ஆண்டுகளில் தகப்பனார் மறைந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழக்கப்படி நாம் எழுந்து நின்று, "மர்ஹூம் அவர்கள் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் எம்மிடம் கூறுங்கள், நாம் பொறுப்பேற்கிறோம்" என்று அறிவித்தோம். அந்த முதலாளி வரிசையிலிருந்து முன்வந்து, எம் கையைப் பற்றி, முன்பணம் முழுவதையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லி அழுதார். நாமும் அழுதோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "அவருக்கு நான் தரவேண்டிய நாலு வாரக் கூலி இருக்கு. அதை எப்படித் தீர்ப்பேன்?" என்று கேட்டார். ஓதி ஸனது வாங்கிய நமக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது மஸ்அலா, அது தெரியும். வாயில்தான் வரவில்லை. பின்னர் அவர் சேர்ப்பித்தார். இறந்தவரின் கடனைப் பற்றி நாம் ஒவ்வொரு ஜனாஸாவிலும் அறிவிக்கிறோம். இறந்தவருக்கு வரவேண்டிய கூலியைப் பற்றி அறிவிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

முதலாளிமார்களின் பக்கமும் பேச வேண்டும். இக்கூட்டத்தில் அவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். கோரை வியாபாரி ரொக்கம் கேட்கிறான். கடைக்காரனோ மூன்று மாதம் கழித்துத் தருகிறான். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டபோது வாரக் கூலி கொடுக்கச் சில்லறை நோட்டுக்கு அலைந்தீர்கள். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து, அதுவரை நோட்டுப்புத்தகத்தில் நடந்த வியாபாரம் கணினிக்கு ஏற வேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. திருமணம் இல்லை, திருவிழா இல்லை, பாய் கட்டிய வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. நகையை அடகுவைத்துத் தறியை ஓட்டியவர்களை நாம் அறிவோம். தம் மகனை இத்தொழிலுக்குக் கொண்டுவராத முதலாளியே இன்று மிகுதி. அதுவே ஒரு செய்திதான். தம் மகனுக்குச் சொன்ன அந்தச் செய்தியை அவர்கள் தம் நெசவாளிக்கும் சொல்லியிருக்கிறார்களா என்பதே நமது கேள்வி.

பெரிய ஆலைகளிலும் இதே கதைதான் நடந்தது. சென்னைப் பெரம்பூர்ப் பக்கம் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலை 1876இல் தோன்றியது. கர்நாட்டிக் ஆலை அதன்பின் வந்தது. 1920இல் இரண்டும் ஒன்றாயின. அங்கு நெய்த காக்கித்துணி ராணுவத்துக்குப் போயிற்று. நம் வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்று அங்கு சேர்ந்தவர்கள் உண்டு. இந்தியத் தொழிற்சங்கங்களுக்கு முன்னோடியான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் தோன்றியதும் அந்த ஆலைத் தொழிலாளரைக் கொண்டே. அத்தகைய ஆலை 1996இல் மூடப்பட்டது. ஒரே நாளில் அது சாய்ந்துவிடவில்லை. பல ஆண்டுகள் இழுத்து இழுத்து நின்றது. திறக்கும், திறக்கும் என்று காத்திருந்தவர்களின் வயதுதான் கழிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது திரைப்படப் படப்பிடிப்பு நடந்த இடமாகவே தெரியும்.

பழைய தொழில்தான் நலியும், புதிய தொழிலுக்குப் போனால் தப்பிவிடலாம் என்பதும் முழு உண்மையன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் உற்பத்தி தொடங்கியது. பாய் வேண்டாம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் சீருடை அணிந்து கம்பெனிப் பேருந்து ஏறினார்கள். 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. அவ்வாறு திரும்பிவந்த ஓர் இளைஞர் நம்மிடம், தம் தகப்பனாரின் தறிக்கூடத்துக்கும் தம் தொழிற்சாலைக்கும் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். தொழிற்சாலையில் விருப்ப ஓய்வுத் திட்டம் என்று காகிதத்தில் எழுதி, இவ்வளவு தொகை என்று சொல்லி, யோசிக்க நாள் கொடுத்தார்கள். தொகை போதுமா என்பது வேறு வழக்கு. "எங்க அத்தாவுக்கு யாரும் காகிதமே குடுக்கலியே ஹஜ்ரத்" என்றார். அந்தச் சொல் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மார்க்கம் அறியாத கம்பெனி எழுதிக் கொடுத்ததை, ஒரே ஸஃப்பில் நிற்கும் நாம் வாயால்கூடச் சொல்வதில்லை.

ஆதலால் முதலாளிமார்களிடம் நாம் வேண்டிக்கொள்வது, தொழிலைக் குறைக்கவோ மூடவோ எண்ணம் வந்தால் அதனைக் குறைந்தது மூன்று மாதம் முன்பாக உங்கள் ஆள்களுக்குச் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆள் போய்விடுவான், கடைசிச் சரக்கு முடங்கும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். ஒரு சிலர் போவார்கள். போகட்டும். அவர்கள் தேடிக்கொள்ள வேண்டிய ரிஸ்க்கை உங்கள் மௌனத்தால் தடுத்துவைக்க வேண்டாம். மூடப்போகும் கூடத்தில் புதிதாக முன்பணம் கொடுக்காதீர்கள். கேட்பவன் எவ்வளவு மன்றாடினாலும், காரணத்தைச் சொல்லி, கர்ழாகக் கொடுங்கள், ஸதகாவாகக் கொடுங்கள்.

முன்பணக் கணக்கைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. நாம் கேட்டவரையில் கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டுமே இருக்கிறது. நெசவாளியிடம் ஒரு துண்டுத்தாள் இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை என்பதை நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை. முன்பணத்தைக் காட்டி ஓர் ஆளை வேறிடம் போகவிடாமல் தடுப்பது, 1976இல் வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். நம்மில் அவ்வாறு எவரும் வெளிப்படையாய்த் தடுப்பதில்லை. "கணக்கை முடிச்சுட்டுப் போ" என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் கூடங்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஐந்தாண்டு தொடர்ந்து பணிசெய்தவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் பணிக்கொடை தரவேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்விதி இடம்பெற்றுள்ளது. பாய்க்கணக்கில் கூலி வாங்குபவருக்கும் சராசரி பார்த்துக் கணக்கிட வழி உண்டு. இருபது ஆண்டு உழைத்தவருக்கு இது எவ்வளவு ஆகுமென்று வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடுக்க இயலாத அளவு நலிந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, தவணை கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் ஏதும் இல்லை.

ஒரு மஸ்அலாவையும் தெளிவாக்கிவிட வேண்டும். பலர் தனியே வந்து கேட்டதால் பொதுவில் சொல்கிறோம். ரமழானில் ஜகாத் கொடுக்கும்போது தம் கூடத்து ஏழை நெசவாளியைத் தேடிக் கொடுக்கிறார்கள், நல்லது. ஆனால் அவருக்குத் தரவேண்டிய கூலி பாக்கி நிற்கும்போது, ஜகாத் பணத்தைக் கொடுத்துவிட்டு அதைக் கூலியில் கழித்துக்கொள்ள இயலாது. கூலி அவருடைய ஹக்கு. ஜகாத் தனிக் கடமை. அவ்வாறே, அவர் திருப்பித் தர இயலாத முன்பணத்தை நோட்டில் அடித்துவிட்டு, அதை ஜகாத்தாக எழுதிக்கொள்வதும் நமது ஹனஃபி மத்ஹபில் செல்லாது. ஜகாத்தை அவர் கையில் உடைமையாய்க் கொடுக்க வேண்டும். அதைப் பெற்றபின் அவர் தம் விருப்பத்தில் கடனை அடைத்தால் அது வேறு. நமது ஜமாஅத்தில் இந்தக் குழப்பம் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் கேட்டு நாமே திடுக்கிட்டோம்.

கூலியாளர்களுக்கும் நமக்குச் சொல்ல உண்டு. இரண்டு கூடங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டிலும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனவர்களும் நம் மஹல்லாவினரே. அவர்களால்தான் அடுத்தவருக்கு முதலாளியின் கை நீளவில்லை. அறுபது வயதில் ஓய்வூதியத்துக்கு வழிவைக்கும் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளச் சொன்னால், "எங்களுக்கு எதுக்கு ஹஜ்ரத்" என்கிறீர்கள். இமாம்களாகிய எங்களுக்கு உலமாக்கள் நல வாரியம் உள்ளது. அட்டை வாங்கி வைத்திருக்கிறோம். எங்களுக்குப் பின்னால் நின்று தொழும் உங்களிடம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் அட்டையை எடுத்தவர்களும் நம்மில் சிலரே.

நிர்வாகக் குழுவுடன் கலந்து பேசியதில் சில ஏற்பாடுகள் முடிவாகியுள்ளன. ஷவ்வால் மாதம் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ளுஹர் தொழுகைக்குப் பின் மதரஸா மாடியில் நல வாரியப் பதிவுக்கான படிவங்களை நிரப்பித் தர நமது பட்டதாரிப் பிள்ளைகள் நால்வர் அமர்ந்திருப்பார்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலுடன் வரவும். ஓரத்துணி தைக்கும் சகோதரிகளுக்குக் காலையில் தனி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. முன்பணக் கணக்குக்கென இரட்டைப் புத்தகம் அச்சிட்டு வாங்கியிருக்கிறோம். ஒன்று முதலாளியிடமும் ஒன்று நெசவாளியிடமும் இருக்க வேண்டியது. வேண்டுவோர் அலுவலகத்தில் இலவசமாய்ப் பெற்றுக்கொள்ளலாம். கணக்கில் வேறுபாடு உள்ளவர்கள் இஷாவுக்குப் பின் நம்மிடம் தனியே வரலாம், வெளியே போகாது. ஜனாஸா அறிவிப்பில், மர்ஹூம் அவர்களுக்கு எவரேனும் கூலியோ கடனோ தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் சேர்ப்பிக்கவும் என்ற வாசகத்தையும் இனி சேர்த்துச் சொல்கிறோம். கடந்த இரண்டு மாதங்களாகச் சொல்லிவருகிறோம். இருமுறை கூலி வந்து சேர்ந்தது.

உட்கூடத்துக் கம்பளம் அப்படியே இருக்கும். வெளிவராந்தாவுக்கும் மதரஸாப் பிள்ளைகள் அமரும் இடத்துக்கும் இனிக் கோரைப்பாயே வாங்குவதெனக் குழு ஏற்றுக்கொண்டது. முதல் பன்னிரண்டு பாய்களுக்கு நம் மஹல்லாவிலேயே ஒரு கைத்தறியில் வேலை கொடுத்திருக்கிறோம். கூலி ஒவ்வொரு பாய் இறங்கும்போதும் கையில் கொடுக்கப்படுகிறது. நெய்பவர், நாம் முதலில் சொன்ன அந்தப் பெரியவர்தான். பகலில் நெய்துவிட்டு இரவில் மண்டபக் காவலுக்குப் போகிறார். அச்சுப்பலகை பிடிக்க அவர் மனைவியால் இப்பொழுது இயலாததால், எதிரில் உட்கார ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். பழகிய கை எவருக்கேனும் இருந்தால் மோதினார் அவர்களிடம் பெயர் கொடுங்கள். ஏழு பாய்கள் இன்னும் பாக்கி உள்ளன.

வஸ்ஸலாம்.